பதினோரு முடிச்சு

இருட்டு இல்லை. நாய் ஊளையிடவில்லை. மல்லிகைப்பூ வாசனையும் வரவில்லை. பட்டப்பகல், உச்சி வெயில், ஜூன் மாதம் பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. அப்படி ஒரு நேரத்தில் நடந்ததைப் பேய்க் கதை என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். தென்னரசுவும் அதற்குப் பயந்துதான் ஒரு வருஷம் வாயைத் திறக்கவில்லை. திறந்தபோது என்னிடம் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை கையைத் துணியால் துடைத்தான், கையில் ஒன்றுமே இல்லை. நான் இருபது வருஷம் பட்டு வியாபாரத்தில் இருந்தவன். பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது அந்த முகம் இல்லை.

தென்னரசு ஆரணியில் கார் மெக்கானிக். சேவூர் போகிற சாலையில் தகரக் கூரை போட்ட ஷெட். சுற்றிலும் விசைத்தறிக் கூடங்கள். சென்னையில் ஆறு வருஷம் பந்தய வண்டிகளில் கை வைத்துப் பழகியவன், வேலையில் கெட்டிக்காரன். ஒரே ஒரு குறை. எதைக் கேட்டாலும் ‘நாளைக்கு’ என்பான். ஊரில் ‘நாளைக்கு மெக்கானிக்’ என்றே அவனுக்குப் பட்டப்பெயர். அதைக் கேட்டு அவனும் சிரித்துக்கொள்வான். சதீஷ் சாகும்வரை சிரித்துக்கொண்டான்.

சதீஷ் நெசவுக் குடும்பத்துப் பையன். அப்பா ஜெகநாதன், அம்மா அபிதகுசாம்பாள். வீட்டுத் தறியில் அந்த அம்மா நெய்த சேலை என்றால் கடைக்காரர்கள் பிரித்துப் பார்க்காமலே வாங்குவார்கள். சதீஷ் தறியில் உட்காரவில்லை. படித்துவிட்டு செய்யாறு சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குப் போனான். ஆசையெல்லாம் காரில். இரண்டு கதவு வைத்த சிவப்பு நிற வெளிநாட்டுக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கி, தென்னரசுவின் ஷெட்டே கதி என்று கிடந்தான்.

அந்தக் காரில் சூப்பர்சார்ஜர் என்று ஒன்று உண்டு. காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். அதன் முனையில் ஒரு புல்லி, புல்லியைச் சுற்றி பெல்ட். புல்லி சின்னதானால் சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமாகச் சுற்றும். வண்டி சீறும். கூடவே விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்பும். சதீஷுக்கு அந்தச் சத்தத்தின் மேல் பைத்தியம். வெளியூரிலிருந்து சின்ன புல்லியும் அதற்கேற்ற பெல்ட்டும் வரவழைத்தான். “அம்மா, ஒரு நாள் இது பாடும் பாரு. மொதல்ல உன்னதான் உக்கார வெப்பேன்” என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

அந்த ஜூனுக்கு முந்தைய அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருவரும் சேர்ந்து வண்டியின் முன்பக்கத்தைப் பிரித்தார்கள். கழற்றிய பதினோரு போல்ட்டிலும் சதீஷ் ஒரு பட்டு நூலைக் கட்டினான். சிவப்பு நூல் மேல் வரிசை, பச்சை கீழ் வரிசை, மஞ்சள் புல்லிக்குப் பக்கம். தறியில் அறுந்த இழைக்கு அவன் அம்மா வேறு நிற நூல் கட்டி அடையாளம் வைப்பார், அதே பழக்கம். நூல் வழுக்காமலிருக்க விரலில் கொஞ்சம் சாம்பல், நூல் நுனிக்கு எச்சில், மிச்சத்தைப் பல்லால் ஒரு கடி. ‘டிக்’ என்று அறும். முடிச்சு மட்டும் அவனுக்குச் சரியாக வராது. இழுத்தால் அவிழ்ந்துகொள்ளும்.

“உங்கம்மா பாத்தா அடிப்பாங்கடா” என்று தென்னரசு கேலி செய்தான்.

பழைய புல்லி அன்றைக்குக் கழன்று வரவில்லை. இருட்டிவிட்டது. “நாளைக்கு முடிச்சுடலாம்” என்றான் தென்னரசு.

திங்கட்கிழமை ஒரு கல்யாண வண்டி வந்தது. நாளைக்கு என்றான். செவ்வாயும் நாளைக்கு. புதனும் நாளைக்கு. வியாழக்கிழமை காலை சதீஷ் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டான். பஸ்ஸை விட்டால் காரில் போவது அவன் வழக்கம். கார்தான் ஷெட்டில் பிரிந்து கிடந்ததே. அப்பாவின் பைக்கை எடுத்துக்கொண்டு மழையில் போனான். செய்யாறு சாலையில், பாதி தூரத்தில், ஒரு லாரி.

சதீஷின் காரியம் முடிந்த மறுநாள் தென்னரசு ஷெட்டுக்கு வந்தான். போல்ட்டுகளில் அந்த நூல்களைப் பார்த்தான். பார்க்க முடியவில்லை. பிளேடை எடுத்துப் பதினொன்றையும் அறுத்துக் குப்பையில் போட்டான். போல்ட்டுகளை ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் கொட்டினான். காரைத் தார்ப்பாயால் மூடினான்.

எட்டு மாதம் மூடியே கிடந்தது.

ஜூன் பதினான்கு, வெள்ளிக்கிழமை. அபிதகுசாம்பாள் ஷெட் வாசலில் வந்து நின்றார். பாதியாக இளைத்திருந்தார்.

“தென்னரசு, வண்டிய வித்துட்டாருப்பா அவரு. செவ்வாகெழம சாயங்காலம் வந்து எடுத்துகினு போறாங்க.”

“சரிம்மா.”

“அதுக்கு முன்ன அவன் வாங்கி வெச்சத மாட்டுப்பா. அந்தச் சத்தத்த ஒரே ஒரு தடவ கேட்டுட்றேன். அப்பறம் போவட்டும்.”

அவனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. “நாளைக்கே முடிச்சுடறேம்மா” என்றான்.

சனிக்கிழமை தார்ப்பாயை விலக்கப் போனான். கை வரவில்லை. ஞாயிறும் வரவில்லை. திங்கள் பேட்டரிக்கு மட்டும் சார்ஜ் ஏற்றி வைத்தான். செவ்வாய்க்கிழமை விடிந்துவிட்டது.

அன்றைக்கு ஊர் முழுக்க மின்தடை. மாதம் ஒரு நாள் வருவதுதான், காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை. 9.05க்கு கரன்ட் போனது. சுற்றியிருந்த விசைத்தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. ஆரணிக்காரர்களுக்குத் தறிச் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டது. நின்றால்தான் என்னவோ போல இருக்கும். தறிக்காரர்களும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தெருவில் ஈ காக்கை இல்லை.

புல்லர் என்கிற இழுவைக் கருவியை மாட்டி, கையாலேயே திருகினான். 11.20க்குப் பழைய புல்லி ‘ணங்’ என்று கழன்று வந்தது. அக்டோபரில் அத்தனை பாடு படுத்தியது, இப்போது முனகாமல் வந்தது. 11.40க்கு செல்போன் அணைந்தது. ராத்திரி சார்ஜ் போட மறந்திருந்தான்.

புதிய புல்லியை கேஸ் அடுப்பில் எண்ணெய்க்குள் போட்டுச் சூடாக்கினான். சூட்டில் அது கொஞ்சம் விரியும், அப்போதுதான் சூப்பர்சார்ஜரின் தண்டில் ஏறும். அடுப்பு ஷெட்டின் பின்மூலையில். போல்ட் டப்பா முன்பக்கம், காருக்குப் பக்கத்தில். அவன் முதுகுக்குப் பின்னால்.

மணி 12.05. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது.

டிக்.

அடுப்பு என்று நினைத்தான்.

டிக்.

தகரம் வெயிலுக்கு விரிகிறது என்று நினைத்தான். ஆனால் தகரம் தலைக்கு மேலே. சத்தம் தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. கொஞ்ச நேரம் இடைவெளி விட்டு, பொறுமையாக, திரும்பத் திரும்ப வந்தது. அவனை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தான். பதினொன்றோடு நின்றது.

இடுக்கியில் சூடான புல்லியைப் பிடித்தபடி திரும்பினான். போய் தண்டில் வைத்தான். மெதுவாகத் தட்டி, அளவு பார்த்து, சரியாக உட்கார வைத்தான். அந்த வேலையில் ஒரு மயிரிழை தப்பினாலும் பெல்ட் கோணலாக ஓடி அறுந்துவிடும். அதனால் வேறெதையும் பார்க்கவில்லை. 12.20க்கு வியர்வையைத் துடைத்துக்கொண்டு போல்ட் டப்பாவை எடுக்கக் குனிந்தான்.

டப்பா காலியாக இருந்தது.

பக்கத்தில் கோணிச் சாக்கு விரித்திருந்தது. அவன் விரிக்கவில்லை.

அதன் மேல் பதினோரு போல்ட், வரிசையாக. ஒவ்வொன்றிலும் ஒரு பட்டு நூல். சிவப்பு. பச்சை. மஞ்சள்.

அவன் கையால் அறுத்துப் போட்ட நூல். எட்டு மாதத்துக்கு முன்னால் குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போன நூல்.

ஒன்றை எடுத்தான். இழுத்துப் பார்த்தான். முடிச்சு இறுக்கமாக இருந்தது. நுனி...

நுனி ஈரமாக இருந்தது.

போல்ட்டின் தலையில் சாம்பல். ஒரு விரல் ரேகை.

“சதீஷு...” என்றான். “நீயாடா?”

வெளியே ஓடினான். சாலையில் நடு வெயிலில் போய் நின்றான். டீக்கடை சாத்தியிருந்தது. கூப்பிட ஒரு ஆள் இல்லை. போன் செத்துக் கிடந்தது. ஷட்டரை இழுத்துச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

நாளைக்கு!

அந்த வார்த்தை மனதில் வந்ததுமே அவனுக்கு அழுகை வந்தது. ஒருத்தனை அந்த வார்த்தையால் அனுப்பியாயிற்று. அவன் அம்மாவிடமும் அதையே சொல்லி நான்கு நாள் ஆயிற்று. இன்று சாயங்காலம் வண்டி போய்விடும். போனால் அந்த அம்மாவுக்குச் சத்தமும் இல்லை, பிள்ளையும் இல்லை. தென்னரசு முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பி வந்தான்.

நூல் காட்டிய இடத்தில் போல்ட்டுகளை மாட்டினான். எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டைத் துளையில் திருகினால் இன்ஜினின் வார்ப்பு விரிசல் விட்டுவிடும். நூல் இல்லாவிட்டால் அவனுக்கு எது எங்கே என்று தெரிந்திருக்காது. பதினொன்றும் தன் தன் இடத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தன.

1.10. பெல்ட் மாட்ட வேண்டும். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரை நீளக் கம்பியால் அமுக்கிப் பிடித்தபடி, அது நகராமலிருக்க ஒரு சின்ன ஊசியைத் துளையில் செருக வேண்டும். ஆள் துணை இல்லாமல் முடியாத வேலை. அக்டோபரில் பழைய பெல்ட்டைக் கழற்றும்போது சதீஷ் அமுக்கினான், இவன் செருகினான்.

தனியாக அமுக்கினான். கை எட்டவில்லை. இரண்டாம் தடவையும் எட்டவில்லை.

மூன்றாம் தடவை... கம்பியின் பாரம் குறைந்தது.

பக்கத்தில் யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஊசியைச் செருகினான். பெல்ட்டை மாட்டினான். “தேங்க்ஸ்டா” என்றான். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பயம் பாதி, அழுகை பாதி. எது எவ்வளவு என்று அவனுக்கே தெரியவில்லை.

1.35க்கு வாசலில் நிழல் விழுந்தது. தூக்கிவாரிப் போட்டது.

அபிதகுசாம்பாள் நின்றுகொண்டிருந்தார்.

அந்த நிமிஷம் அவனுக்கு உயிர் திரும்பி வந்தது. உயிரோடு ஒரு மனுஷியைப் பார்த்ததும் ஓடிப்போய்க் காலில் விழலாம் போல இருந்தது. “வாங்கம்மா. முடிஞ்சிடுச்சி. நானே வந்து கூப்டலாம்னு இருந்தேன்.”

அவர் தலையசைத்தார். வெறுங்காலில் நின்றார்.

“இன்னாம்மா, செருப்பில்லாம இந்த வெயில்ல? கால் சுடல?”

“இல்லப்பா.”

இடது கையின் பின்புறம் ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி. தறியில் கீறிக்கொண்டார் போல என்று நினைத்தான். ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டான்.

“அது அவன் எடம்பா” என்றார். சுற்றிப்போய் இடது பக்கம் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

ஓட்டுநர் இருக்கையில் தென்னரசுவும் உட்காரவில்லை. திறந்த கதவுக்குப் பக்கத்தில் தரையில் முட்டி போட்டான். சாவியைத் திருப்பினான். எட்டு மாதம் கிடந்த இன்ஜின் ஒரே திருப்பலில் எழுந்தது. ஆக்ஸிலரேட்டரைக் கையால் மெல்ல அமுக்கினான்.

ஞீ........

தறிச் சத்தம் இல்லாத ஊரில் அது ஒன்று மட்டும் எழுந்தது. மெல்லியதாக, மேலே மேலே. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

“இதானா?” என்றார்.

“இதாம்மா.”

“ரொம்ப சன்னமா கீது. நா பெருசா இருக்கும்னு நெனச்சேன்.”

அவனால் தாங்க முடியவில்லை. பெடலின் மேல் கையை வைத்தபடியே குனிந்து சொல்லிவிட்டான். “அம்மா, அன்னிக்கு நா சொன்ன நாள்ல முடிச்சிருந்தா அவன் கார்ல போயிருப்பாம்மா. நாந்தான் நாளைக்கு நாளைக்குன்னு... நாந்தாம்மா.”

“தெரியும்பா. வண்டி இன்னும் ரெடியாவலன்னு சொல்லிட்டுத்தான் பைக்க எடுத்தான்.”

“அப்ப ஏம்மா என்ன ஒரு வார்த்த கேக்கல?”

“கேட்டா வந்துடுவானா?”

பிறகு அவர் கேட்டார்: “அவன் இங்க வந்தானாப்பா?”

“வந்தாம்மா!” என்று தலையை நிமிர்த்தினான். எதையாவது கொடுக்க முடிந்ததே என்று மனசு துள்ளியது. சாக்கின் ஓரத்தில் கிடந்த ஒரு துண்டு நூலை எடுத்து நீட்டினான். “போல்ட் பூரா அவன்தான் இறுக்கி முடிச்சு போட்டு வெச்சிருக்கான். இதோ மிச்ச நூலு, பாருங்க.”

அவர் வாங்கவில்லை. பார்த்தார். மெதுவாகத் தலையை ஆட்டினார்.

“அது அவன் முடிச்சு இல்லப்பா. அவனுக்கு இறுக்கிக் கட்ட வராது.”

தென்னரசுவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“எங்கெங்கியோ தேடிட்டேன்” என்றார். “அங்க போயும் பாத்தேன். அங்கயும் இல்ல. இங்கயாவது இருப்பான்னுதான் வந்தேன்...”

கோயிலைச் சொல்கிறார், குறி கேட்கப் போயிருப்பார் என்று நினைத்தான். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியவில்லை. இருக்கையின் விளிம்பில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

நிமிர்ந்தபோது மணி 1.52.

இடது இருக்கை காலியாக இருந்தது.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. மூடிய சத்தமும் கேட்கவில்லை.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. காலி இருக்கையின் குறுக்கே சீட் பெல்ட் மாட்டியபடியே இருந்தது.

4.05க்கு கரன்ட் வந்தது. ஊர்த் தறிகள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. போனை சார்ஜில் போட்டான். ஜெகநாதனிடமிருந்து பதினேழு அழைப்புகள் வந்ததாகக் குறுஞ்செய்தி காட்டியது. கூப்பிட்டான்.

“அபிதா போயிட்டாப்பா” என்றார் அவர்.

“எங்கங்க போனாங்க? மத்தியானந்தான இங்க...”

“சனிக்கெழம ராத்திரி நெஞ்ச புடிச்சிகினு உக்காந்தா. வேலூர்ல சேத்தேன். மூணு நாளா ஐ.சி.யூ., அந்த அலைச்சல்ல ஒனக்குச் சொல்லத் தோணல. இன்னிக்கி பதினொண்ணு நாப்பத்தெட்டுக்கு... எடுத்துகினு வந்துகிட்டு இருக்கோம். ஒனக்குத்தான் மொதல்ல போன் போட்டேன். உன்ன கேட்டுகினே இருந்தாப்பா. அந்தச் சத்தம் ரெடியாச்சான்னு கேளு, ரெடியாச்சான்னு கேளுன்னு.”

சனிக்கிழமை பகலில் அந்த அம்மா வீட்டில்தான் இருந்திருக்கிறார். ‘நாளைக்கே’ என்று அவன் சொன்னானே, அந்த நாளைக்கு. அன்று முடித்திருந்தால் உயிரோடு உட்கார்ந்து கேட்டிருப்பார்.

சாயங்காலம் ஆறரைக்கு உடல் வந்தது. வண்டி வாங்க வந்தவர்களை ஜெகநாதன் திருப்பி அனுப்பிவிட்டார். தென்னரசு கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். இடது கையின் பின்புறம், ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றிய இடத்தில், அதே வெள்ளைப் பிளாஸ்திரி. அதற்கு மேல் பார்க்கத் தைரியம் இல்லாமல் வெளியே வந்துவிட்டான். ஜெகநாதன் பின்னாலேயே வந்து அவன் தோளைப் பிடித்தார்.

“பத்து வெரல் நுனியிலயும் கருப்பு மசிப்பா. குளிப்பாட்டின பொம்பளைங்க தேச்சித் தேச்சிப் பாத்தாங்க, போவல. ஐ.சி.யூ.ல கெடந்தவளுக்கு கிரீஸ் எங்கேர்ந்து வரும்?” அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “சதீஷு ஒன் ஷெட்லேர்ந்து வந்தா கையில அடிக்குமே, அதே வாசன. தேய்க்காதீங்க, அப்டியே விடுங்கன்னு சொல்லிட்டேன்.”

தென்னரசு அவரிடம் எதையும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சிவப்பு கார் இன்னும் அவன் ஷெட்டில்தான் நிற்கிறது. பதினோரு நூலும் உள்ளே போல்ட்டுகளில் அப்படியே இருக்கின்றன. இப்போதெல்லாம் அவன் எந்த வேலையையும் அன்றைக்கே முடித்துவிடுகிறான், ஊருக்கு ஆச்சரியம்.

அந்த அம்மா வந்ததை நினைத்து அவனுக்குப் பயம் இல்லையாம். பதினொன்று நாற்பத்தெட்டுக்கு உயிர் போனது. பன்னிரண்டு ஐந்துக்கு ஷெட்டில் முதல் நூல் அறுந்த சத்தம். நடுவில் பதினேழு நிமிஷம். செத்துப்போன ஒரு தாய் அந்தப் பதினேழு நிமிஷத்தில் தன் பிள்ளையை எங்கே போய்த் தேடியிருப்பார் என்று யோசிக்கும்போதுதான் அவனுக்குத் தூக்கம் போய்விடுகிறது. போய்ப் பார்த்துவிட்டுத்தானே அவனிடம் வந்து சொன்னார், அங்கேயும் சதீஷ் இல்லை என்று.